ஏழு வங்கிகளும் ஒரு துறைமுகப் பட்டினமும்

இரு வணிக நிறுவனங்கள் ஒன்றாகுமிடத்து அதனைக் குறிக்க 'இணைப்பு' என்ற சொல் வழங்கப்படுகின்றது. இரண்டு ஆறுகள் கூடுவது போன்றதொரு தோற்றத்தை அச்சொல் தருகின்றது. கூடிய பின்னர் எந்த நீர் எந்த ஆற்றினது எனப் பிரித்தறிதல் இயலாது. ஆயின் வங்கிகளின் வரலாற்றை நுணுகி நோக்குவார்க்கு இவ்வுவமை பெரிதும் பொருந்தாது என்பது விரைவிற் புலனாகும். ஒன்றான பின்னரும் யாருடைய பெயர் எஞ்சிற்று, யாருடைய நாற்காலி எஞ்சிற்று, யாருடைய கிளை மூடப்பட்டது என்ற வினாக்களுக்குத் திட்டவட்டமான விடைகள் இருந்துகொண்டேயிருக்கின்றன. இவ்வினாக்களை எழுப்புவதற்கு ஸ்பெயின் நாட்டுச் சந்தாந்தேர் வங்கியினும் ஏற்ற நிறுவனம் பிறிதொன்றைக் காண்பது அரிது.

1980களின் நடுப்பகுதியில் ஸ்பெயினின் பணவுலகை ஏழு தனியார் வங்கிகள் ஆண்டுவந்தன. பனெஸ்தோ, சென்ட்ரால், இஸ்பானோ அமெரிக்கானோ, பில்பாவோ, விஸ்காயா, சந்தாந்தேர், பொப்புலார் என்பன அவை. 'ஏழு பெரியவர்கள்' என்பது அவற்றுக்கு வழங்கிய பெயர். இவ்வேழு வங்கிகளின் தலைவர்களும் மாதந்தோறும் ஒருமுறை ஒரே மேசையிலமர்ந்து மதிய உணவு உண்பது வழக்கம். அம்மேசையிற் போட்டி இல்லை. வட்டி வீதம் பற்றிய நாகரிகமான உடன்பாடே இருந்தது. ஏழினுள்ளும் சந்தாந்தேர் அளவிற் பின்வரிசையிலேயே நின்றது. முன்வரிசையில் நின்றவை சென்ட்ராலும் பனெஸ்தோவும்.

இன்று அவ்வேழிற் பில்பாவோவும் விஸ்காயாவும் பீ.பீ.வீ.ஏ. என்னும் ஒரு வங்கியாகிவிட்டன. ஏனைய ஐந்தும் சந்தாந்தேர் என்ற ஒரே பெயருக்குள் அடங்கிக் கிடக்கின்றன. பெரிய மீன் சிறிய மீனை விழுங்கும் என்ற மச்ச நியாயம் நம்மவர்க்குப் பழக்கமானது. இங்கு நிகழ்ந்ததோ அதன் மறுதலை. சிறிய மீன் பெரிய மீன்களை ஒன்றன்பின் ஒன்றாக விழுங்கிற்று. அது எங்ஙனம் இயன்றது என்பதை அறியச் சற்றுப் பின்னோக்கிச் செல்லுதல் வேண்டும்.

ஸ்பெயினின் வட கரையிற் கந்தாபிரியக் கடலை நோக்கி அமைந்த துறைமுகப் பட்டினம் சந்தாந்தேர். காஸ்தீலிய மேட்டு நிலத்தின் கோதுமை மாவு அத்துறையிலிருந்தே கியூபாவுக்குக் கப்பலேறிற்று. கியூபாவின் சர்க்கரை அத்துறையிலேயே வந்திறங்கிற்று. இவ்வணிகத்திற் பொருள் ஈட்டியவர்கள் தமக்கென ஒரு வங்கியை வேண்டினர். இரண்டாம் இசபெல் அரசி 1857 மே 15 ஆம் நாள் கையொப்பமிட்ட ஆணையால் அவ்வங்கி பிறந்தது. தன் பெயரில் நாணயத்தாள் வெளியிடும் உரிமையும் அதற்கு இருந்தது. 1874 இல் அவ்வுரிமையை ஸ்பெயின் வங்கி தனியுரிமையாக்கிக் கொண்டபோது, மாகாண வங்கிகள் விரும்பினால் தன்னுடன் இணைந்துகொள்ளலாம் என்ற வாய்ப்பும் அளிக்கப்பட்டது. பெரும்பாலானவை இணைந்தன. சந்தாந்தேர் வங்கி இணையவில்லை. பின்னாளில் இணைப்புகளாலேயே உலகப் புகழ் பெறவிருந்த நிறுவனம், தன்னை நோக்கி வந்த முதல் இணைப்பை மறுத்தே உயிர் தப்பியது என்பது நினைவிற் கொள்ளத்தக்கது.

இவ்வங்கியின் வரலாறு பெரிதும் ஒரு குடும்பத்தின் வரலாறாகும். எமிலியோ பொத்தீன் என்ற பெயரைத் தாங்கிய மூவர், பாட்டன், மகன், பேரன் என்ற முறையில் அதன் தலைமையை வகித்தனர். மூத்தவர் 1920 இல் நிலையான தலைவரானார். அவருடைய மனைவி மரியா, அல்தமீராக் குகை ஓவியங்களைக் கண்டறிந்த மார்செலினோ சான்ஸ் தே சௌத்துவோலாவின் மகள். 1879 இல் தந்தையார் குகையின் நிலத்தை அகழ்ந்துகொண்டிருக்க, மேலே நிமிர்ந்து பார்த்துக் காட்டெருமைகளை முதலிற் கண்டவள் எட்டு வயதுச் சிறுமியான இம்மரியாவே. ஐரோப்பிய அறிஞர்கள் அவ்வோவியங்களைப் போலி என்றனர். சௌத்துவோலா 1888 இல் மனமுடைந்து மறைந்தார். 1902 இலேதான் பிரெஞ்சு அறிஞர் கார்த்தயாக் தம் தவற்றை வெளிப்படையாக ஒப்புக்கொண்டார். வங்கி வரலாற்றுக்கும் இதற்கும் நேரடித் தொடர்பு யாதுமில்லை. எனினும் பிறர் நிலத்தையே நோக்கியிருக்கும் வேளையிற் கூரையை நோக்கும் பழக்கம் அக்குடும்பத்தின் பின்வந்தோரிடமும் இருந்தது போலும்!

1936 முதல் 1962 வரை ஸ்பெயினிற் புதிய வங்கி தொடங்குவதற்குத் தடை இருந்தது. கிளைகளைத் திறப்பதற்கும் கட்டுப்பாடுகள் இருந்தன. உள்நாட்டுப் போருக்குப் பின் அமைந்த பிராங்கோவின் ஆட்சி, உள்ள வங்கிகளை உள்ளவாறே வைத்துக்கொள்ள விரும்பியது. இத்தடையின் விளைவு விந்தையானது. வளர விரும்பும் வங்கிக்கு ஒரே வழிதான் எஞ்சியது: ஏற்கெனவே உரிமம் பெற்ற மற்றொரு வங்கியை வாங்குவது. ஆகவே பெரிய வங்கிகள் ஊர்தோறும் இருந்த சிறு வங்கிகளைக் கிளைகளுக்காகவே வாங்கின. இணைப்பு என்பது ஸ்பானிய வங்கியாளருக்குப் பின்னாளில் ஏற்பட்ட மோகமன்று. சட்டம் கற்றுக்கொடுத்த பழக்கம் அது. சந்தாந்தேரும் தன் ஊரிலேயே தனக்குப் போட்டியாயிருந்த மெர்க்கந்தீல் வங்கியை 1946 இல் உள்வாங்கிற்று. 1950 இல் இரண்டாம் எமிலியோ தலைமையேற்றார். நூற்றாண்டு நிறைவெய்திய 1957 இல் வங்கி நாட்டில் ஏழாம் இடத்தை அடைந்திருந்தது.

1970களின் பிற்பகுதியில் ஸ்பெயினைப் பெரும் வங்கி நெருக்கடி பற்றிற்று. எண்ணெய் விலை உயர்ந்தது, தொழிற்சாலைகள் நொடித்தன, அவற்றுக்குக் கடன் கொடுத்த வங்கிகளும், அவற்றின் பங்குகளைத் தாமே வைத்திருந்த வங்கிகளும் சரிந்தன. 1977 முதல் 1985 வரை ஐம்பதிற்கும் மேற்பட்ட வங்கிகள் பாதிக்கப்பட்டன. தொழில்களிற் பங்கு வைத்திருத்தல் ஸ்பானிய வங்கிகளின் பெருமையாகக் கருதப்பட்ட காலம் அது. சந்தாந்தேரோ கடன் கொடுத்து வட்டி வாங்கும் சில்லறை வங்கித் தொழிலிலேயே பெரிதும் நின்றது. பின்வரிசையில் நின்றமைக்கு அதுவே காரணமாயிருக்கலாம்; தப்பியமைக்கும் அதுவே காரணம்.

1986 இல் இரு நிகழ்ச்சிகள் ஒருங்கே நேர்ந்தன. ஸ்பெயின் ஐரோப்பிய சமூகத்திற் சேர்ந்தது. சந்தாந்தேரில் மூன்றாம் எமிலியோ தம் ஐம்பத்திரண்டாம் வயதில் தந்தையின் நாற்காலியில் அமர்ந்தார். எல்லைகள் திறந்தால் செர்மன், பிரெஞ்சு வங்கிகள் உள்நாட்டு வங்கிகளை விழுங்கிவிடும் என்ற அச்சம் மட்ரிட் நகரெங்கும் பரவியிருந்தது. ஆகவே வங்கிகள் தமக்குள் இணைந்து பெரிதாதல் வேண்டும் என அரசாங்கம் ஊக்கியது. 1987 இன் இறுதியிற் பில்பாவோ வங்கி பனெஸ்தோவைக் கைப்பற்ற முயன்று தோற்றது. மதிய உணவு மேசையில் உடனிருந்தவரைக் கைப்பற்ற முயல்வது அதுவரை கேள்விப்படாத செயல். 1988 இற் பில்பாவோவும் விஸ்காயாவும் இணைந்தன. அவ்வாண்டிலேயே சென்ட்ராலும் பனெஸ்தோவும் இணைவதாக அறிவித்துப் பின்னர் பிரிந்தன. 1991 இற் சென்ட்ராலும் இஸ்பானோ அமெரிக்கானோவும் ஒன்றாயின.

இவ்வாறு ஏனையோர் கூடுவதும் பிரிவதுமாக இருந்த காலத்திற் சந்தாந்தேர் தனித்து நின்று வேறொரு காரியம் செய்தது. 1989 இல் 'சுப்பர்குவெந்தா' என்ற பெயரில் 11 சதவீதம் வட்டி தரும் நடைமுறைக் கணக்கொன்றை அது அறிமுகப்படுத்திற்று. நடைமுறைக் கணக்குக்கு வட்டி என்று சொல்லத்தக்க எதனையும் கொடுக்காமையே அதுகாறும் நிலவிய வழக்கம். வாடிக்கையாளர் பணத்தை எடுத்துக்கொண்டு சந்தாந்தேரை நோக்கி நடந்தனர். ஏனைய வங்கிகள் விருப்பமின்றியே அதனைப் பின்பற்ற நேர்ந்தது. மாதாந்த மதிய உணவின் சுவை அன்றோடு கெட்டது. இவ்வங்கியின் வளர்ச்சிக் கதையில் வாடிக்கையாளர் நேரடியாக நன்மை பெற்ற கட்டம் இதுவே என்பதையும், அஃது ஓர் இணைப்பினால் விளைந்ததன்று என்பதையும் மறத்தலாகாது.

பனெஸ்தோவின் கதை ஒரு நாவலுக்குரியது. 1987 இன் இறுதியில் அதன் தலைமைக்கு வந்தவர் மரியோ கொண்டே. இளைஞர், அழகர், பேச்சில் வல்லவர். விரைவிற் பொருளீட்டுவதைப் பெரும் பேறாகக் கருதிய அக்கால ஸ்பெயினின் கதாநாயகர். 1993 டிசெம்பர் 28 ஆம் நாள் ஸ்பெயின் வங்கி பனெஸ்தோவைத் தன் பொறுப்பில் எடுத்தது. கணக்கிற் காணப்பட்ட பள்ளம் 60,500 கோடி பெசெற்றா. கொண்டே பின்னர் தண்டிக்கப்பட்டார். 2002 இல் உச்ச நீதிமன்றம் அவருக்குரிய சிறைத் தண்டனையை இருபது ஆண்டுகளாக உயர்த்திற்று. தூய்மைப்படுத்தப்பட்ட பனெஸ்தோ 1994 ஏப்ரிலில் ஏலத்துக்கு வந்தது. மூடிய உறைகளில் மூன்று விலைகள். அரசு வங்கியான ஆர்ஹென்தாரியா பங்கொன்றுக்கு 566 பெசெற்றா கேட்டிருந்தது. பில்பாவோவும் விஸ்காயாவும் இணைந்த வங்கி 667 கேட்டது. சந்தாந்தேரின் உறையில் 762 என்றிருந்தது.

அதிகமாகக் கொடுத்துவிட்டார் என்று அன்று பலர் கூறினர். ஆனால் அவ்வொரு நாளிற் சந்தாந்தேர் ஸ்பெயினின் முதல் வங்கியாயிற்று. பொத்தீன் தேடிப் பிடித்த உண்மை எளியது. நல்ல நிலையிலுள்ள வங்கியை அதன் உடைமையாளர் விற்பதில்லை. நொடிந்த வங்கியை வாங்கக் காத்திருத்தல் வேண்டும். காத்திருப்பவன் கையிற் பணம் இருத்தல் வேண்டும். அவர் பனெஸ்தோவின் பெயரை உடனே அழிக்கவுமில்லை. கிளைகளையும் பெயரையும் தனியே நடத்தவிட்டார். இன்னொரு செய்தியும் உண்டு. பனெஸ்தோவில் உருவான 'பார்த்தெனோன்' என்ற கணினி முறைமையையே பின்னாளிற் சந்தாந்தேர் தன் முழுக் குழுமத்திற்கும் ஏற்றுக்கொண்டது. விழுங்கப்பட்டதன் மூளை விழுங்கியதன் தலையில் வாழ்ந்தது எனலாம்.

1999 ஜனவரி முதலாம் நாள் யூரோ பிறந்தது. இரண்டு வாரங்கள் கழித்து, ஜனவரி 15 ஆம் நாள், சந்தாந்தேரும் சென்ட்ரால் இஸ்பானோவும் இணைவதாக அறிவித்தன. யூரோ வலயத்தின் முதற் பெரும் வங்கி இணைப்பு அது. சென்ட்ரால் இஸ்பானோவின் ஐந்து பங்குகளுக்குச் சந்தாந்தேரின் மூன்று பங்குகள் என்பது ஏற்பாடு. இது 'சமமானோரின் இணைப்பு' என்று அறிவிக்கப்பட்டது. எமிலியோ பொத்தீனும் ஹொசே மரியா அமுசாத்தெகியும் இணைத்தலைவர்கள். அன்றாட நிர்வாகம் சென்ட்ரால் இஸ்பானோவிலிருந்து வந்த ஆங்கெல் கொர்கோஸ்தெகியிடம். புதிய வங்கியின் பெயரிலும் இரு தரப்புக்கும் இடம் கிடைத்தது.

'சமம்' என்ற இச்சொல்லின் விலை யாது என்பதை இங்குச் சிந்தித்தல் வேண்டும். ஒரு வங்கியை வாங்குவதாக அறிவித்தால் அதன் பங்குதாரர்க்குச் சந்தை விலைக்கு மேல் ஒரு தொகை கொடுத்தேயாகவேண்டும். சமமானோர் இணைகின்றனர் என்றாலோ அம்மேலதிகம் வேண்டியதில்லை. பங்கைப் பங்கால் மாற்றினாற் போதும். மறுதரப்பின் தலைவர்க்கு ஒரு நாற்காலியும், பெயர்ப்பலகையிற் சில எழுத்துகளும் கொடுப்பதோடு காரியம் முடிகின்றது. அந்நாற்காலி எத்தனை ஆண்டு நிலைக்கும் என்பது உடன்படிக்கையில் எழுதப்பட்டிருப்பினும், அதனைக் காப்பது உடன்படிக்கையன்று. பணிப்பாளர் சபையில் உள்ள கைகளின் எண்ணிக்கையே.

தொடக்கத்தில் விட்டுக்கொடுத்தவர் பொத்தீனே. அவருடைய மகள் ஆனா வங்கியில் உயர் பதவி வகித்தவர். இணைப்பு அறிவிக்கப்பட்ட சில வாரங்களில், அவரை வருங்காலத் தலைவியாகச் சித்திரித்த பத்திரிகைக் கட்டுரையொன்று வெளிவந்தது. சென்ட்ரால் இஸ்பானோத் தரப்பினர் சினங்கொண்டனர். ஆனா பதவி விலகினார். தந்தை மகளைப் பலியிட்டு இணைப்பைக் காத்தார் என ஊர் பேசிற்று. ஆனால் 2001 ஓகஸ்டில் அமுசாத்தெகி விலகினார். 2002 பெப்ருவரியிற் கொர்கோஸ்தெகியும் விலகினார். அவர் பெற்றுச்சென்ற ஓய்வூதியத் தொகை 10 கோடி யூரோவுக்கும் மேற்பட்டது. அதே மாதத்தில் ஆனா பனெஸ்தோவின் தலைவியாகத் திரும்பி வந்தார். அத்தொகைகள் தொடர்பாகப் பொத்தீன்மீது வழக்குத் தொடரப்பட்டது. 2005 இல் நீதிமன்றம் அவரை விடுவித்தது. 2007 இல் வங்கியின் பெயர் மீண்டும் 'பாங்கோ சந்தாந்தேர்' என்றாயிற்று. கியூபாவை இழந்த 1898 இன் பின் அமெரிக்கக் கண்டத்திலிருந்து தாயகம் திரும்பியோரின் செல்வத்தால் எழுந்த இஸ்பானோ அமெரிக்கானோவும், ஒரு காலத்தில் நாட்டின் முதல் வங்கியாக இருந்த சென்ட்ராலும் பெயர்ப்பலகையிலிருந்து இறங்கின. சமத்துவம் ஏறத்தாழ இரண்டரை ஆண்டுகள் நீடித்தது.

இக்குடும்பம் வங்கியில் வைத்திருந்த பங்கு மிகச் சிறியது என்பது இவ்விடத்திற் கூறத்தக்கது. நூற்றுக்கு ஓரிரண்டு என்ற அளவினது அது. ஒவ்வோர் இணைப்புக்கும் புதிய பங்குகளை வெளியிட வெளியிடக் குடும்பத்தின் பங்கு கரைந்தது, அதிகாரமோ கரையவில்லை. பங்குதாரர் பல இலட்சமாகப் பெருகுமிடத்து ஒவ்வொருவரின் குரலும் நலிகின்றது. நிலைத்து நிற்கும் ஒரு குரல் மட்டும் ஓங்கிக் கேட்கின்றது. பெருநிறுவன ஆட்சி பற்றிய நூல்கள் குடும்ப ஆட்சியைக் குறைகூறுவது வழக்கம், அக்குறை நியாயமானதே. ஆயினும் பனெஸ்தோவிலும் சென்ட்ராலிலும் தலைவர்கள் தம் பதவிக்காலத்தை எண்ணிச் செயற்பட்ட வேளையில், பொத்தீன்கள் தலைமுறையை எண்ணிச் செயற்பட்டனர் என்பதையும் மறுப்பதற்கில்லை.

கடல் கடந்த வளர்ச்சியை விரிப்பிற் பெருகும். மெக்சிக்கோ, சிலி, ஆர்ஜென்ரீனா, போத்துக்கல் என அது பரந்தது. 2000 நவம்பரிற் பிறேசிலின் சாவோ பவுலோ மாநில வங்கியான பனெஸ்பாவை 705 கோடி ரெயால் கொடுத்து வாங்கியபோது, அது குறைந்தபட்ச விலையின் மூன்று மடங்கிற்கும் மேற்பட்டதாயிருந்தது. 2004 இல் பிரித்தானியாவின் அபி நாஷனல் வங்கியைச் சுமார் 850 கோடி பவுண் மதிப்பில் வாங்கிற்று. அபி நாஷனல் தானே ஓர் இணைப்பின் குழந்தை. 1874 இல் அபி றோட்டிலும் 1849 இல் 'நாஷனல்' என்ற பெயரிலும் தோன்றிய இரு வீடமைப்புச் சங்கங்கள் 1944 இல் ஒன்றானவை. உறுப்பினர்க்குச் சொந்தமான சங்கமாயிருந்து 1989 இற் பங்குக் கம்பனியாக மாறியது. உறுப்பினராயிருந்தோர் பங்குதாரராயினர், பங்குதாரர் விற்றனர், 2010 இல் வீதியோரப் பலகையில் ஒரு ஸ்பானியத் துறைமுகத்தின் பெயர் ஏறிற்று. இடைப்பட்ட காலத்தில் ஆயிரக்கணக்கான பணியாளர் வேலையிழந்தனர்.

2007 இல் நிகழ்ந்தது மாத்திரம் சற்று விரிவாகக் கூறத்தக்கது. ஒல்லாந்தின் ஏ.பி.என். அம்ரோ வங்கியை மூவர் கூடி வாங்கினர்: ஸ்கொத்லாந்து றோயல் வங்கி, பெல்ஜியத்தின் போர்ற்றிஸ், சந்தாந்தேர். விலை 7,100 கோடி யூரோ அளவினது. அதுகாறும் வங்கியுலகு கண்டிராத பெருந்தொகை. வேட்டையின் பங்கீட்டிற் சந்தாந்தேருக்குக் கிடைத்தவை பிறேசிலின் றெயால் வங்கியும் இத்தாலியின் அந்தோன்வெனெத்தா வங்கியும். ஒக்ரோபரில் வாங்கி முடித்த இத்தாலிய வங்கியை நவம்பரிலேயே விற்பதாகச் சந்தாந்தேர் அறிவித்தது. பங்கீட்டில் 660 கோடி யூரோ என மதிக்கப்பட்ட அவ்வங்கிக்கு 900 கோடி கொடுத்தது, 1472 இல் நிறுவப்பட்ட மொந்தே தெய் பாஸ்கி என்ற சியேனா நகரத்துப் பழம்பெரும் வங்கி.

பின் நிகழ்ந்தவை உலகறிந்தவை. 2008 இலையுதிர் காலத்திற் போர்ற்றிஸ் சிதறுண்டு அரசுகளின் கையிற் போயிற்று. ஸ்கொத்லாந்து றோயல் வங்கியைப் பிரித்தானியத் திறைசேரி பொதுமக்கள் பணத்தாற் காப்பாற்ற நேர்ந்தது. ஐந்து நூற்றாண்டுகள் நின்ற மொந்தே தெய் பாஸ்கி, அந்தோன்வெனெத்தாவுக்குக் கொடுத்த விலையின் சுமையிலிருந்து மீளாது தளர்ந்து, 2017 இல் இத்தாலிய அரசின் உடைமையாயிற்று. ஒரே கொடுக்கல் வாங்கலில் ஈடுபட்ட நால்வருள் மூவர் வீழ்ந்தனர். ஒருவர் மட்டும் பிறேசிலில் ஒரு பெரிய வங்கியுடனும் கையில் இலாபத்துடனும் வெளியேறினார். ஸ்கொத்லாந்து வங்கியும் சந்தாந்தேரும் 1988 முதல் நட்பு வங்கிகளாயிருந்து, ஒருவர் பங்கை ஒருவர் வைத்திருந்தவை என்பதை எண்ணும்போது, வணிக நட்பின் இயல்பு பற்றிச் சில ஐயங்கள் எழாமலிரா. அவ்வாண்டிலேயே பிரித்தானியாவில் அலையன்ஸ் அன்ட் லெஸ்ரர் வங்கியும், பிராட்போர்ட் அன்ட் பிங்லியின் வைப்புகளும் கிளைகளும் குறைந்த விலையிற் சந்தாந்தேரின் கைக்கு வந்தன.

2012 டிசெம்பரிற் பனெஸ்தோவின் பெயரும் மறையும் என அறிவிக்கப்பட்டது. ஏறத்தாழ 700 கிளைகள் மூடப்படவிருந்தன. ஒரு வீதியின் இரு புறத்திலும் ஒரே உடைமையாளருக்கு இரு கிளைகள் எதற்கு என்பது கணக்கரின் வாதம். அதனை மறுத்தல் கடினம். ஆயின் மூடப்படும் கிளையின் முகாமையாளர் அவ்வூரின் கமக்காரனையும் கடைக்காரனையும் பெயர் சொல்லி அறிந்தவராயிருந்தார் என்பது எந்த ஐந்தொகையிலும் எழுதப்படுவதில்லை. 2014 செப்ரெம்பர் 9 ஆம் நாள் மூன்றாம் எமிலியோ மாரடைப்பால் மறைந்தார். மறுநாளே ஆனா தலைவியானார்.

ஏழில் எஞ்சியிருந்தது பொப்புலார். 1926 இல் நிறுவப்பட்டுச் சிறு வணிகருக்குக் கடன் கொடுப்பதிற் பெயர் பெற்று, நீண்ட காலம் ஸ்பெயினின் திறமைமிக்க வங்கி எனப் போற்றப்பட்டது. வீடுகட்டும் மோகம் நாட்டைப் பற்றிய ஆண்டுகளில் அதுவும் நிலத்தின்மீது கடன் கொடுத்துச் சிக்கிக்கொண்டது. 2016 இல் 250 கோடி யூரோவுக்குப் புதிய பங்குகளை விற்றது. அவற்றை வாங்கியோரிற் பலர் அதே வங்கியின் வாடிக்கையாளர்கள். ஓராண்டு கழிந்தது. வைப்பாளர் பணத்தை மீளப்பெற விரைந்தனர். 2017 யூன் 6 ஆம் நாள் மாலை ஐரோப்பிய மத்திய வங்கி பொப்புலார் நிலைகுலைந்ததாக முடிவுசெய்தது. இரவோடிரவாக அது விற்கப்பட்டது. யூன் 7 ஆம் நாள் காலையிற் கிளைகள் வழக்கம்போலத் திறந்தன. வைப்பாளர் எவரும் ஒரு சதமும் இழக்கவில்லை. வாங்கியவர் சந்தாந்தேர். விலை ஒரு யூரோ.

அவ்வொரு யூரோவும் பங்குதாரர்க்குச் சேரவில்லை. மூன்று இலட்சம் அளவிலான பங்குதாரரின் முதல் அவ்விரவில் முற்றாக அழிந்தது. அழிக்கப்படக்கூடிய பிணைமுறிகளை வைத்திருந்தோர்க்கும் அதே கதி. பொதுமக்கள் வரிப்பணம் தொடப்படவில்லை என்று ஐரோப்பிய அதிகாரிகள் பெருமைப்பட்டனர். அப்பெருமையிலும் நியாயம் உண்டு. 2008 இல் நிகழ்ந்ததைக் கண்ட பின், இழப்பை உடைமையாளரே தாங்கவேண்டும் என்ற விதி இயற்றப்பட்டிருந்தது. ஆனால் உடைமையாளர் யார்? தம் கிளை முகாமையாளரின் சொல்லை நம்பி, ஓய்வூதியச் சேமிப்பைப் பங்காக மாற்றிய முதியோரும் சட்டத்தின் கண்ணில் உடைமையாளரே. இணைப்பைப் பற்றி அவர்களை எவரும் கேட்கவில்லை. அன்று இரவு அவர்கள் உறங்கிக்கொண்டிருந்தனர். 2016 இற் பங்கு வாங்கிய சிறு முதலீட்டாளர் சிலர்க்கு, வழக்காடுவதில்லை என்ற நிபந்தனையுடன், சந்தாந்தேர் ஒருவகை ஈட்டு முறிகளை வழங்கிற்று. வழக்காடியோர்க்கு 2022 மே மாதத்தில் ஐரோப்பிய நீதிமன்றம் கதவடைத்தது: பழைய வங்கியின் விளம்பர ஆவணத்திற் பிழையிருந்ததென வாதித்துப் புதிய உடைமையாளரிடம் இழப்பீடு கோர இயலாது என்பது தீர்ப்பு. 2019 இற் பொப்புலாரை உட்செரிக்கும் பொருட்டு 3,200 இற்கு மேற்பட்ட பணியாளரும் ஆயிரத்துக்கு மேற்பட்ட கிளைகளும் குறைக்கப்படுவதாக உடன்பாடு எட்டப்பட்டது.

கேட்கப்பட்டால் உடைமையாளர் என்ன சொல்வர் என்பதற்கு அண்மையில் ஒரு விடை கிடைத்தது. பீ.பீ.வீ.ஏ. வங்கி, கத்தலோனியாவின் சபதெல் வங்கியை அதன் பணிப்பாளர் சபையின் விருப்பத்துக்கு மாறாக நேரே பங்குதாரரிடமிருந்து வாங்க முயன்றது. ஒன்றரை ஆண்டு நீடித்த போராட்டம். 2025 ஒக்ரோபரில் எண்ணியபோது 25.47 சதவீதப் பங்குகளே விற்பனைக்கு வந்திருந்தன. சபதெலின் பங்குதாரருட் பெருந்தொகையினர் அவ்வங்கியில் வைப்பும் கடனும் வைத்திருந்த ஊர்க்காரர். தன்னைக் காத்துக்கொள்ளும் முயற்சியிற் சபதெல் தன் பிரித்தானியக் கிளை வங்கியான ரீ.எஸ்.பீ. யை விற்க முன்வந்தது. 2025 யூலையில் அதனை 265 கோடி பவுணுக்கு வாங்க உடன்பட்டவர் யார் எனில், அதுவும் சந்தாந்தேரே. பிறர் சண்டையிடும் சந்தையில் அமைதியாக நிற்கும் பழைய பழக்கம் மாறவில்லை.

மட்ரிட் நகரின் அல்காலா வீதியில் அவ்வேழில் மறைந்தவற்றின் மாளிகைகள் இன்றும் நிற்கின்றன. பனெஸ்தோவும் இஸ்பானோ அமெரிக்கானோவும் தலைமையகங் கொண்டிருந்த கட்டடங்கள் கனலேஹாஸ் சதுக்கத்தருகே ஒன்றிணைக்கப்பட்டு, 2020 இல் ஆடம்பர விடுதியொன்றாகத் திறக்கப்பட்டன. சந்தாந்தேரின் அலுவலகங்களோ நகருக்கு வெளியே பொவதீயா தெல் மொந்தேயில் தனியொரு நகரம்போல் அமைந்துள்ளன. அதே வீதியில் 49 ஆம் இலக்கத்திற் சென்ட்ரால் வங்கியின் பழைய தலைமையகம் உள்ளது. வாயிலின் இரு புறத்திலும் தூண்களாக நிற்கும் கல் மகளிரால் அதற்கு ஒரு பெயரும் உண்டு. 2006 முதல் அது ஸ்பானிய மொழியை உலகெங்கும் பரப்பும் செர்வாந்தெஸ் நிறுவனத்தின் தலைமையகமாயிற்று. நிலவறையிலிருந்த வங்கிப் பெட்டகங்களை அந்நிறுவனத்தார் அகற்றவில்லை. 2007 இல் நாவலாசிரியர் பிரான்சிஸ்கோ அயாலா தம் நூறாண்டு வயதில் அங்கு இறங்கிச் சென்று, கடிதமொன்றை ஒரு பெட்டகத்தில் வைத்துப் பூட்டினார். 2057 வரை அதனைத் திறத்தலாகாது என்பது அவர் விதித்த நிபந்தனை. அவருக்குப் பின் வேறு எழுத்தாளரும் கலைஞரும் தத்தம் பொருளைக் கொணர்ந்து வைத்துச் சென்றுள்ளனர். பெட்டகங்களின் பழைய இலக்கங்கள் மாற்றப்படவில்லை.